மார்செய்: 158 விமானங்களை வீழ்த்தியவர், ஆனால் போரில் என்ன மாறியது?

பாலைக்கழுகு:

இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் விமானிகள் என்று பேச்சை எடுத்தாலே, "ஹார்ட்மான், 352" என்று சொல்லிவிட்டு எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். வேறொருவருக்காக இந்த இழை. ஹான்ஸ்-யோவாகிம் மார்செய்.

1919 டிசம்பர் 13இல் பெர்லினின் ஷார்லோட்டன்பர்க் பகுதியில் பிறந்தவர். ஹியூகனாட் (பிரான்சிலிருந்து வெளியேறிய புரொட்டஸ்டன்ட்) வம்சாவளி, பிரெஞ்சுப் பெயர் வந்த வழி அதுதான். அப்பா ராணுவ அதிகாரி. மகன் 1938இல் ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபேயில் சேர்ந்தார். ஒழுங்குக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. பயிற்சியின்போது ஒதுங்குவதற்காக ஆட்டோபான் நெடுஞ்சாலையில் விமானத்தை இறக்கினார் என்ற கதை இன்றும் சுற்றுகிறது. கூடப் பயின்றவர்கள் லெஃப்டினென்ட் ஆகிவிட்ட பிறகும் இவருக்கு அந்தப் பதவி வரவில்லை.

1940இல் ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே ஏழு விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. அதே மாதங்களில் தன்னுடைய விமானங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைத்தார். ஜேஜி 52இல் (ஜேஜி என்றால் ஜெர்மன் சண்டை விமானப் படைப்பிரிவு) இவருக்கு மேலதிகாரியாக இருந்த யோஹானஸ் ஸ்டைன்ஹாஃப் பொறுமை இழந்து வேறு பிரிவுக்குத் தள்ளிவிட்டார். அப்படித்தான் ஜேஜி 27க்கு, எடுவார்ட் நோய்மானிடம் வந்து சேர்ந்தார். 1941 ஏப்ரலில் அந்தப் பிரிவு லிபியாவின் கஸாலாவில் இறங்கியது. 1942 செப்டம்பர் 30 அன்று இறந்தார். இடைப்பட்ட பதினேழு மாதங்களில் மட்டும் 151. மொத்தம் 158. வயது 22.

மேற்கத்திய நாடுகளின் விமானிகளுக்கு எதிராக இவ்வளவு எண்ணிக்கை வேறு யாருக்கும் இல்லை. என் கட்சி இதுதான்: பறப்பதும் சுடுவதும் சேர்ந்த கலையில் இவரைவிடப் பெரிய ஆள் அந்தப் போரில் இல்லை. மறுப்பவர்கள் வரலாம்.

சின்னத்தம்பி_77:

அண்ணே, ஒரு சந்தேகம். ஆப்பிரிக்காவுக்கு வந்ததுமே சுட ஆரம்பித்துவிட்டாரா? அப்புறம் அந்த "வட்டத்துக்குள் புகுந்து அடிப்பது" என்கிறார்களே, அது என்ன? எங்கே படித்தாலும் ஒரே புகழ்ச்சியாக இருக்கிறது, விளக்கம் இல்லை.

பாலைக்கழுகு:

வந்ததும் அடிதான் வாங்கினார், தம்பி. 1941 ஏப்ரல் 23 அன்று லிபியத் துறைமுகமான டோப்ருக் அருகே ஒரு ஹரிகேன் இவரை நொறுக்கியது. ஓட்டியவர் ஜேம்ஸ் டெனி, பிரிட்டிஷ் 73ஆம் ஸ்க்வாட்ரனில் பறந்த சுதந்திர பிரான்ஸ் விமானி. மார்செய் எப்படியோ தரையில் இறக்கித் தப்பினார். ஒரு மாதம் கழித்து, மே 21 அன்று, மறுபடியும் அதே டெனி, மறுபடியும் அதே கதை. செப்டம்பர் வரை அவ்வப்போது ஒன்றிரண்டு, அவ்வளவுதான். செப்டம்பர் 24 அன்று ஒரே நாளில் ஐந்து. அங்கிருந்துதான் வேகம்.

இப்போது வட்டம். ஜெர்மானியரின் பிஎஃப் 109 எஃப், எதிராளியின் டோமஹாக், கிட்டிஹாக், ஹரிகேன் எல்லாவற்றையும்விட உயரத்தில் சிறந்தது. மேலிருந்து பாய்ந்து வந்தால் கீழே இருப்பவர்களுக்குத் தப்ப வழியில்லை. அதனால் அவர்கள் ஒருவர் வாலை ஒருவர் காப்பதுபோல் வட்டமாகச் சுற்ற ஆரம்பிப்பார்கள். எவன் பின்னால் நீ போனாலும் உன் பின்னால் ஒருவன் இருப்பான். மற்ற ஜெர்மன் விமானிகள் மேலிருந்து பாய்வார்கள், ஒரு தடவை சுடுவார்கள், ஏறிப் போய்விடுவார்கள்.

மார்செய் அந்த வட்டத்துக்கு உள்ளேயே போனார். எஞ்சின் வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் ஃப்ளாப்பையும் (இறக்கையின் பின்பக்க மடிப்புத் தகடு) இறக்கி, எதிராளியைவிடச் சிறிய வட்டத்தில் திரும்புவார். வேகம்தான் உயிர் என்று பாடம் நடத்தும் எந்தப் பயிற்சியாளரும் தலையில் அடித்துக்கொள்ளும் காரியம் இது. பிறகு எதிரி விமானம் தன் மூக்குக்குக் கீழே மறையும் நேரத்தில் சுடுவார். அதாவது, குண்டு போகிற நொடியில் இலக்கு கண்ணுக்கே தெரியாது.

கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 300 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 83 மீட்டர். நூறு மீட்டர் தூரத்தைக் குண்டு கடக்க நொடியில் எட்டில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் இலக்கு பத்து மீட்டர் நகர்ந்துவிடும், ஒரு கிட்டிஹாக்கின் முழு நீளம். விமானத்தைக் குறிவைத்தால் வாலுக்குப் பின்னால் வெறும் காற்றில்தான் போகும். இரண்டு விமானமும் திரும்பிக்கொண்டே இருக்கும்போது அந்தப் பத்து மீட்டரை எந்தத் திசையில் வைப்பது என்பதுதான் வித்தை. இதற்காக, பணி முடிந்து திரும்பும் வழியில் சொந்தக் கூட்டாளிகள் மேலேயே சுடாமல் பாய்ந்து பாய்ந்து பழகினார்.

விமானமும் கைகொடுத்தது. ஒரு 20 மி.மீ. பீரங்கி புரொப்பெல்லரின் நடுவழியாக, இரண்டு 7.92 மி.மீ. துப்பாக்கிகள் எஞ்சினுக்கு மேலே. எல்லாமே மூக்கில். இறக்கையில் துப்பாக்கி வைத்த விமானங்களில் குண்டுகள் குறிப்பிட்ட ஒரு தூரத்தில்தான் ஒன்றுசேரும். இதில் அந்தத் தொல்லை கிடையாது. சுடத் தெரியாதவனுக்கு இது பாதகம், குண்டு பரவாது. மார்செய்க்குச் சாதகம்.

கணக்குப்பிள்ளை:

விளக்கம் அருமை. ஆனால் 158 என்பதை உரிமைகோரல் என்றுதான் சொல்லவேண்டும், வீழ்த்தல் என்று அல்ல. எல்லா நாட்டு விமானப்படைகளும் உண்மையைவிட அதிகமாகத்தான் கோரின. அதில் பொய்யர்கள் குறைவு, குழப்பம்தான் அதிகம். புகைவிட்டுக் கீழே போன விமானம் விழுந்ததா, வீடுபோய்ச் சேர்ந்ததா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. நின்று பார்த்தவன் பின்னால் வந்தவனிடம் செத்தான்.

ஜெர்மன் முறையில் சாட்சி வேண்டும். மார்செயின் துணை விமானி ரைனர் பெட்கன். அவருக்குப் பிரிவில் வைத்த பட்டப்பெயர் "பறக்கும் எண்ணிக்கை இயந்திரம்". அவர் வேலையே இவர் பின்னால் பறந்து, நேரம் இடம் குறித்து, எத்தனை விழுந்தது என்று எண்ணுவது. நான்கு விமான அணியில் சிறந்த விமானி சுடுகிறார், மீதி மூன்று பேர் காவலும் கணக்கும் பார்க்கிறார்கள் என்றால், அது தனிமனித சாதனையா, பிரிவே ஒருவருக்காக நடந்ததா? இரண்டாவதுதான் என்பேன்.

1942 செப்டம்பர் 1ஐ எடுங்கள். மூன்று பறப்புகளில் 17 கோரினார். அதில் எட்டு, பத்தே நிமிடத்தில். பின்னாளில் இதை நேச நாட்டு இழப்புப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தவர்கள் பதினேழுக்கும் ஆள் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம், ஆகஸ்டில், அதே ஜேஜி 27இன் இரண்டாம் பிரிவில், நான்கு விமானிகள் கூட்டுச் சேர்ந்து நடக்காத வெற்றிகளைக் கோரி மாட்டிக்கொண்டார்கள். சாட்சி முறை எவ்வளவு உறுதியானது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பாலைக்கழுகு:

கணக்கு சார், அந்த நால்வர் வேறு பிரிவு. மார்செய் முதல் பிரிவு. பக்கத்து வீட்டுக்காரன் திருடினான் என்று இவரைச் சந்தேகிக்க முடியாது.

அதோடு, பொருந்தும் நாட்களும் இருக்கின்றனவே. 1942 ஜூன் 3, பீர் ஹக்கீம் பக்கம். தென்னாப்பிரிக்க விமானப்படையின் 5ஆம் ஸ்க்வாட்ரன் டோமஹாக்குகள் ஸ்டுகா குண்டுவீச்சு விமானங்களை மறித்தன. மார்செய் 11 நிமிடத்தில் ஆறு கோரினார். பீரங்கி ஆரம்பத்திலேயே அடைத்துக்கொண்டது, மீதியை அந்த 7.92 துப்பாக்கிகளாலேயே முடித்தார் என்பது ஜெர்மன் தரப்புத் தகவல். தென்னாப்பிரிக்கர்களின் பதிவிலும் அன்று பெரிய அடிதான். அனுபவசாலியான கேப்டன் ராபின் பேர் அன்றுதான் செத்தார். இது குழப்பத்தில் எண்ணியது இல்லையே.

கணக்குப்பிள்ளை:

ஜூன் 3ஐ நான் மறுக்கவே இல்லை. பெரும்பாலான கோரல்களுக்கு அடிப்படை உண்டு என்பதும் சரி. மற்ற பல பெரிய எண்களைவிட இவருடையது கெட்டியானதுதான். என் வாதம் எண்ணைப் பற்றியது, ஆளைப் பற்றியது அல்ல.

தேன்சிட்டு:

நீங்கள் இருவரும் 158ஆ 110ஆ என்று இழுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். 158ஏ என்று வைத்துக்கொள்வோம். அதனால், ஆப்பிரிக்காவில் ஜெர்மன் படையை நடத்திய ரோமலுக்கு என்ன கிடைத்தது?

தேதிகளை வரிசையாக வையுங்கள். ஜூன் 17இல் மார்செயின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டுகிறது. மறுநாளே நைட்ஸ் கிராஸுக்கு மேல் வாள்கள் என்ற விருதோடு விடுப்பில் ஜெர்மனிக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஊர் ஊராக வரவேற்பு, புகைப்படம், பிரசாரம். ஜூன் 21 அன்று டோப்ருக் விழுகிறது. பிரிட்டிஷ் தரப்பில் ஏறக்குறைய 33,000 பேர் கைதிகள். பாலைவனத்தில் ரோமலின் மிகப்பெரிய வெற்றி அதுதான், அந்த நாளில் மார்செய் அந்தக் கண்டத்திலேயே இல்லை. ஜூலை முழுக்க எகிப்தில் முதல் அலமெய்ன் சண்டை, அதிலும் இல்லை. ஆகஸ்ட் 23 அன்றுதான் திரும்புகிறார்.

திரும்பிய ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 30 இரவு, ரோமல் அலாம் ஹல்ஃபா மேட்டைச் சுற்றிவளைக்கப் போகிறார். மேலே சொன்ன செப்டம்பர் 1 இந்தச் சண்டையின் நடுவில் வரும் நாள். மார்செய் 17 சண்டை விமானங்களைக் கோரிய அதே நாளில் கீழே ரோமலின் ஜெர்மன் படையான ஆப்பிரிக்கா கோர் என்ன நிலையில் இருந்தது? பகலில் நேச நாட்டு பாஸ்டன், பால்டிமோர், மிட்செல் விமானங்கள் அணி அணியாக வந்து குண்டு போட்டன. இரவில் ஆல்பகோர்கள் வெளிச்சக் குண்டு போட, அந்த வெளிச்சத்தில் வெலிங்டன்கள் வந்தன. கோர் தளபதி நேரிங் முதல் இரவே விமானத் தாக்குதலில் காயம்பட்டு வெளியேறினார். எரிபொருள் லாரிகள் எரிந்தன. செப்டம்பர் 2 அன்று ரோமல் பின்வாங்க உத்தரவிட்டார்.

தரைப்படையைக் கொன்றது குண்டுவீச்சு விமானம். ஜேஜி 27இன் நட்சத்திரங்கள் வீழ்த்தியது காவலுக்கு வந்த சண்டை விமானங்களை. மார்செயின் 158ஐப் பிரித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே ஒற்றை எஞ்சின் சண்டை விமானங்கள்தான். ஏன்? அவைதான் வட்டம் போட்டன, அவற்றில்தான் எண்ணிக்கை சீக்கிரம் ஏறியது, எண்ணிக்கைக்குத்தான் பெர்லின் பதக்கம் கொடுத்தது. 17க்கு அடுத்த ஓரிரு நாளிலேயே வைரங்கள் விருது அறிவிக்கப்பட்டது. அதாவது படை பின்வாங்கத் தொடங்கிய அதே நேரம்.

செப்டம்பர் ஒரே மாதத்தில் 54. அவர் வாழ்க்கையிலேயே உச்ச மாதம். ரோமலுக்கு எகிப்து கைநழுவிய மாதமும் அதுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

பாலைக்கழுகு:

காவல் விமானத்தை வீழ்த்தாமல் குண்டுவீச்சு விமானத்தை எப்படி நெருங்குவது, தேன்சிட்டு? அதோடு அவரிடம் இருந்தது சில டஜன் விமானங்கள். எதிரில் கனிங்ஹாமின் பாலைவன விமானப்படை முழுசாக. ஒரு லெஃப்டினென்ட்டா போர்த்திட்டம் வகுப்பார்?

தேன்சிட்டு:

நான் குறை சொல்வது லெஃப்டினென்ட்டை அல்ல, அவருக்கு மேலே இருந்தவர்களை. நோய்மான் அருமையான தலைவர், ஊதாரிப் பையனைத் தட்டிக்கொடுத்து வளர்த்தார், அது உண்மை. ஆனால் பிரிவே ஒருவர் எண்ணிக்கையை ஏற்றுவதில் மூழ்கியது. பெரும்பாலான விமானிகளின் பெயரில் ஒன்றோ இரண்டோதான், பலருக்கு அதுவும் இல்லை. பிரிட்டிஷார் ஒரு விமானியைக் கொஞ்ச காலம் பறக்கவிட்டு, பிறகு பயிற்சிக்கூடத்துக்கு மாற்றி, கற்றதைச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். அதனால்தான் அவர்களுடைய பெரிய எண்கள் முப்பது சொச்சத்தில் நிற்கின்றன. ஜெர்மானியர் சாகும்வரை பறந்தார்கள். மார்செயின் வித்தையை வேறு யாரும் கற்கவில்லை, அது அவரோடு போய்விட்டது.

சாப்பர்_பேரன்:

இடையில் ஒரு சின்னத் தகவல். மேலே பறந்தவர்களைப் பற்றியே பேசுகிறோம், கீழே நம்மவர்களும் இருந்தார்கள். 4ஆவது இந்திய டிவிஷனோடு மெட்ராஸ் சாப்பர்ஸின் (பொறியாளர் படை) 12ஆவது ஃபீல்டு கம்பெனி போயிருந்தது. 1942 செப்டம்பரில் அந்த டிவிஷன் ருவைசாத் மேட்டில் நின்றது. டோப்ருக்கில் கைதானவர்களில் 11ஆவது இந்தியக் காலாட்படை பிரிகேடும் உண்டு. ஸ்டுகாக்கள் யார் தலையில் குண்டு போட்டன, அந்த ஸ்டுகாக்களுக்கு யார் காவல் பறந்தார்கள் என்று யோசித்தால் இந்தப் "பாலைவன வீரன்" கதையில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. அவ்வளவுதான், தொடருங்கள்.

நடுநிசிநரி:

சரி, ஆனால் அந்த ஆள் நாஜிக்களுக்கு எதிரானவர் என்பதை யாரும் சொல்லவில்லையே? தடைசெய்யப்பட்ட ஜாஸ் இசை கேட்பார். டோப்ருக்கில் பிடிபட்ட மத்தியூ லெடுலு என்ற கறுப்பினத் தென்னாப்பிரிக்கரைத் தன் உதவியாளராக வைத்து, நண்பன்போல நடத்தினார். சுட்டு வீழ்த்திய விமானிகளின் நிலைமையைச் சீட்டில் எழுதி எதிரியின் விமானத் தளத்துக்கு மேலேயே பறந்து போட்டுவிட்டு வந்தார். ஹிட்லர் முன்னால் பியானோவில் ஜாஸ் வாசித்தார் என்றுகூடப் படித்தேன்.

கணக்குப்பிள்ளை:

லெடுலு விஷயம் உண்மை, சீட்டு போட்டதும் உண்மை. பியானோ கதை பல பத்தாண்டுகள் கழித்து யாரோ சொல்ல யாரோ எழுதியது. அந்தக் காலத்து ஆவணத்தில் இருந்தால் காட்டுங்கள், நம்புகிறேன்.

லெடுலுவை நன்றாக நடத்தினார் சரி, ஆனால் அவர் போர்க்கைதி. "வேலைக்கு வருகிறாயா" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லக்கூடிய இடத்தில் அவர் இருந்தாரா?

இன்னொன்று. "பாலைவனத்தில் நடந்தது சுத்தமான போர்" என்பார்கள். 1942 கோடையில் வால்டர் ரவுஃப் தலைமையில் ஒரு எஸ்எஸ் கொலைப்படை ஏதென்ஸில் காத்திருந்தது. ரோமல் எகிப்தைக் கடந்து பாலஸ்தீனத்துக்குள் நுழைந்தால் அங்கிருந்த யூதர்களை ஒழிப்பது அதன் வேலை. நச்சுவாயு வண்டிகளுக்குப் பின்னால் இருந்த அதே ரவுஃப். அலமெய்னில் முன்னேற்றம் நின்றதால் அந்தப் படைக்கு வேலை வரவில்லை. மார்செய்க்கு இது தெரிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவர் வானத்தில் காத்துக் கொடுத்த முன்னேற்றம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

ஜெர்மன் ராணுவத்தின் வரலாற்று ஆய்வு மையமும் இதைத் தோண்டிப் பார்த்தது. அவர் நாஜி எதிர்ப்பாளர் என்று காட்டும் முயற்சிகள் தவறான பாதைக்குக் கொண்டுபோகும் என்பதே அவர்கள் நிலை. ஹாம்பர்க் அருகே ஆப்பனில் 1975 முதல் மார்செய் பெயரில் இருந்த விமானப்படை முகாம் 2021இல் பெயர் மாறியது. இப்போது அதற்கு யூர்கன் ஷூமான் பெயர். 1977இல் கடத்தப்பட்ட லுஃப்தான்ஸா லாண்ட்ஸ்ஹூட் விமானத்தின் கேப்டன், ஏடனில் பயணிகள் கண்முன்னே சுட்டுக் கொல்லப்பட்டவர்.

நெறியாளர்:

இன்றைய அரசியலுக்குத் தாவிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 1942இலேயே இருங்கள், அங்கேயே சண்டைபோட நிறைய இருக்கிறது.

சின்னத்தம்பி_77:

அவரை யார் வீழ்த்தினார்கள் என்று யாருமே சொல்லவில்லையே?

ரேடியேட்டர்:

யாரும் இல்லை. எஞ்சின் வீழ்த்தியது. எனக்குத் தெரிந்த துறை என்பதால் இதை நான் எழுதுகிறேன்.

செப்டம்பர் கடைசியில் பிரிவுக்குப் புது பிஎஃப் 109 ஜி-2 வந்தது. எஞ்சின் டிபி 605. பழைய எஃப்-4இல் இருந்த டிபி 601இன் சிலிண்டர்களை அகலமாக்கி, அதே உடம்பில் அதிக சக்தி பிழிந்த வடிவம். ஆரம்பகால 605களில் எண்ணெய்ச் சிக்கலும் தீயும் பெரிய தலைவலி. முழு சக்தியைப் பயன்படுத்தவே நெடுநாள் தடை போட்டிருந்தார்கள். புது வண்டியில் ஏற மார்செய்க்கு விருப்பமே இல்லை, மேலிடத்து உத்தரவால் ஏறினார்.

செப்டம்பர் 30 அன்று ஸ்டுகாக்களுக்குக் காவல் போய்விட்டுத் திரும்பும்போது காக்பிட்டில் புகை. கண் தெரியவில்லை. பக்கத்தில் பறந்தவர்கள் ரேடியோவில் இடம் வலம் சொல்லி, ஜெர்மன் பகுதிக்கு மேலே வரும்வரை நடத்திக்கொண்டு வந்தார்கள். சிதி அப்துல் ரஹ்மானுக்குத் தெற்கே, குதிப்பதற்காக விமானத்தைத் தலைகீழாகப் புரட்டினார். அது வழக்கமான முறைதான். ஆனால் புகையில் மூக்கு சரிந்து விமானம் பாய ஆரம்பித்ததை அவர் கவனிக்க வாய்ப்பில்லை. அந்த வேகத்தில் வெளியே வந்தவரை வால் செங்குத்துத் தகடு மார்பில் அடித்தது. பாராசூட் விரியவே இல்லை.

அதே மாதம் ஷ்டால்ஷ்மிட், ஸ்டைன்ஹாவ்சன் இருவரும் அடுத்தடுத்த நாட்களில் போயிருந்தார்கள், பிரிவின் வேறு இரண்டு பெரிய பெயர்கள். மார்செயும் போனதும் முதல் பிரிவைச் சண்டையிலிருந்தே எடுத்து சிசிலிக்கு அனுப்பவேண்டி வந்தது. அக்டோபர் 23 அன்று பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி அலமெய்னில் பீரங்கிகளைத் திறந்தபோது, ஒருவரைச் சுற்றியே கட்டிய அந்தப் பிரிவு அங்கே இல்லை. தேன்சிட்டு சொன்னதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பாலைக்கழுகு:

சேர்த்துக்கொள்ளுங்கள். சுடும் கலையில் அவருக்கு நிகரில்லை என்ற என் கட்சி அப்படியே நிற்கிறது. அதைவிடப் பெரிதாக நான் எதையும் கோரவில்லை. கல்லறை டோப்ருக்கில். விழுந்த இடத்தில் சின்னப் பிரமிடு ஒன்று எழுப்பினார்கள், 1989இல் பழைய தோழர்கள் அங்கே நினைவுக்கல் புதுப்பித்தார்கள்.

நடுநிசிநரி:

முகாம் பெயர் போய்விட்டது. ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கு ஹிட்லர் அனுப்பிய காண்டோர் படையில் பறந்ததற்காக, இன்னொரு ஜெர்மன் விமானி மெல்டர்ஸ் பெயரையும் 2005இல் ஜேஜி 74இலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தக் காலத்து விமானி ஒருவர் பெயர்கூட ஜெர்மன் விமானப்படையில் இல்லையா?

கணக்குப்பிள்ளை:

இருக்கிறது. லாகேயில் யூரோஃபைட்டர் பறக்கவிடும் 73ஆவது பிரிவுக்கு ஸ்டைன்ஹாஃப் பெயர். இந்த இழையின் முதல் பதிவில் மார்செயைத் துரத்திவிட்ட அதே ஸ்டைன்ஹாஃப்தான். 1945 ஏப்ரலில் மி 262 ஜெட் புறப்படும்போது விபத்தாகி முகம் முழுக்கக் கருகியவர். பெயர் வைத்தது அவருடைய 176க்காக அல்ல. போருக்குப் பிறகு புதிய விமானப்படையின் தலைமைக்கு வந்து, ஸ்டார்ஃபைட்டர் விமானங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்த காலத்தில் அதைச் சீர்செய்ததற்கும், 1971 முதல் 1974 வரை நேட்டோ ராணுவக் குழுவுக்குத் தலைமை வகித்ததற்கும்தான். அவரைப் பற்றிப் பேசவேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், இங்கே இடம் போதாது.